பொறியியல் படிப்போடு கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பது எப்படி: முதல் திருத்தத்திலிருந்து பணி விண்ணப்பம் வரை

கல்லூரி வளாகத் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக எனக்கு உண்டு. பெரும்பாலான விண்ணப்பங்களில் பள்ளி மதிப்பெண், சிஜிபிஏ, அறிந்த நிரல்மொழிகள், இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒரே வரிசைதான் இருக்கும். அந்த புராஜெக்ட்டும் நூலக மேலாண்மை, வருகைப்பதிவு, முகம் கண்டறிதல் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். இதில் மாணவர்மேல் குற்றமில்லை. வேறு யாரோ எழுதிய ஒரு லட்சம் வரி நிரலைப் படித்து, அதில் பத்து வரியை மட்டும் மாற்றி, மாற்றியது சரிதான் என்று நிரூபிக்கும் பயிற்சி நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தில் எங்கும் வருவதில்லை. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர் செய்வது அந்த வேலையைத்தான். அந்த வேலையைக் கல்லூரிக் காலத்திலேயே, காசு செலவின்றி, உலகின் தேர்ந்த நிரலாளர்களிடமே கற்றுக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: யாரும் நிரலைப் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிப்பது. அதை எப்படித் தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது, பிறகு அதை உங்கள் பின்னணியாக எப்படி எழுதிக் காட்டுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

மாணவராக இருந்துகொண்டே இதைச் செய்ய முடியுமா என்று தயங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 1991 ஆகஸ்டில் லினக்ஸ் கருநிரலைப் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பற்றி முதன்முதலாக அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். 1992இல் அதை, யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார். அதன்பின் உலகெங்கும் இருந்து திருத்தங்கள் வந்து குவிந்ததால்தான் அது இன்றைய உருவத்தை அடைந்தது. அந்தத் திருத்தங்களை அனுப்பியவர்களிலும் மாணவர்கள் பலர்.

எந்த மென்பொருளில் தொடங்குவது

நீங்களே தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் தொடங்குங்கள். இதுவே என் முதல் அறிவுரை. பெயர் பெற்ற திட்டம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் களைத்துவிடுகிறார்கள். தினமும் பயன்படுத்துகிறவருக்கோ எங்கே இடறுகிறது என்பது ஏற்கெனவே தெரியும். அந்த இடறல் சரியானால் முதலில் பயன்பெறுபவரும் அவர்தான்.

கணினி அறிவியல் துறை மாணவர்களுக்கு மட்டுமே இது உரியது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இயந்திரவியல் மாணவருக்கு முப்பரிமாண வடிவங்களை வரையும் ஃப்ரீகேட், பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் இருக்கின்றன. மின்னணுவியல் மாணவருக்குச் சுற்றுப்பலகை வரையும் கைகேட், சிறு கருவிகளுக்கான செஃபிர் இயங்குதளம் ஆகியவை உண்டு. கட்டுமானவியல் மாணவருக்கு நிலவரைபடத் தரவுகளைக் கையாளும் கியூஜிஐஎஸ் இருக்கிறது. 2004இல் தொடங்கிய, எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தம் ஊரின் தெருக்களையே வரைந்து சேர்க்கலாம். துறை அறிவும் நிரல் அறிவும் ஒருங்கே உள்ளவர்கள் இத்தகைய திட்டங்களில் எப்போதும் குறைவு. ஆகவே ஒரு விட்டம் எப்படி வளையும் என்று தெரிந்த மாணவரின் பிழை அறிக்கைக்கு அங்கே நல்ல மதிப்பு இருக்கும்.

உங்கள் மடிக்கணினியின் திறனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் லிப்ரேஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளை முழுமையாகக் கட்டமைக்க (மூலநிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்குக் கொண்டுவர) முனைந்தால் இரவெல்லாம் ஓடியும் முடியாமல் போகலாம். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முகப்புப் பகுதியை மட்டும் மாற்றுகிறவர்கள், ஏற்கெனவே கட்டமைத்த உட்பகுதிகளைத் தரவிறக்கிக்கொண்டு சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கலாம். அப்படியொரு வசதி இல்லாத பெரிய திட்டங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பைத்தானிலோ சி மொழியிலோ எழுதிய சிறிய கருவி ஒன்று தொடக்கத்துக்குப் போதும்.

கைவைப்பதற்கு முன்

திட்டத்தின் ரெப்போவில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் உள்ள களஞ்சியம்) நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது, கடைசி கமிட் (பதிவு செய்த மாற்றம்) எப்போது வந்தது என்பது. ஒரு வருடமாக அசைவே இல்லாத திட்டத்துக்கு அனுப்பும் திருத்தத்தைப் பார்க்க ஆள் இருக்காது. இரண்டாவது, புதியவர்கள் அனுப்பிய திருத்தங்களுக்குப் அவற்றை ஏற்பதா என்று முடிவு செய்யும் பராமரிப்பாளர்கள் எப்படிப் பதில் எழுதியிருக்கிறார்கள் என்பது. பத்துப் பழைய உரையாடல்களைப் பொறுமையாகப் படித்தாலே அந்த இடத்தின் பழக்கவழக்கம் பிடிபட்டுவிடும். மூன்றாவது, பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு. லினக்ஸ் கருநிரலில், தான் அனுப்பும் நிரலை அனுப்பத் தனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் பெயரிட்டு ஒப்பமிடும் வழக்கம் 2004 முதல் உள்ளது. அந்த ஒரு வரி இல்லையென்றால் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். நான்காவது, உரிமம். ஜிபிஎல் உரிமம் உள்ள நிரலை மாற்றி வெளியிடுகிறவர் அந்த மாற்றத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் அந்தக் கட்டாயத்தை விதிப்பதில்லை. உரிமக் கோப்பே இல்லாத ரெப்போ கட்டற்ற மென்பொருள் ஆகாது. கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் அதை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நமக்கு வந்துவிடாது.

பிறகு நிரலைத் தரவிறக்கி, எதையும் மாற்றாமல் கட்டமைத்து, அதன் சோதனைகள் எல்லாம் உங்கள் கணினியில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பலருக்கு இங்கேயே ஒரு வார இறுதி போய்விடும். அதை வீண் என்று எண்ண வேண்டாம். நிறுவல் குறிப்பில் விடுபட்டுப்போன ஒரு படியை நீங்கள் கண்டுபிடித்தால், அந்தக் குறிப்பைத் திருத்தி அனுப்புவதே முறையான முதல் பங்களிப்பு. அதைப் புதியவர்தான் கவனிக்க முடியும்; பழகியவர்களுக்கு அந்தப் படி கண்ணிலேயே படாது.

ஒரு பிழையைப் பின்தொடர்வது

தமிழில் தட்டச்சு செய்கிற மாணவருக்கு இந்தத் துறையில் கூடுதலான ஒரு வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்த மென்பொருளில் தமிழை இட்டுப் பார்த்தால், பராமரிப்பாளர்கள் கண்ணில் படாத பிழைகள் வெளிவரும். பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். நாம் எண்ணுவது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடு எண்ணுவதோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறியீடுகள். அதே சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் புள்ளி முன்னால் தனியே நிற்க, மகரத்தின் மேலிருந்த இகரம் ழகரத்துக்குத் தாவி, ‘ழிமத’ என்று வரும், வரவேண்டியது ‘ழ்மித’.

இதைவிட நுட்பமான ஒன்றைப் பார்ப்போம். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு மென்பொருளில் ‘கொடி’ என்று தேடும்போது, கண்ணெதிரே இருக்கும் சொல்லையே அது இல்லை என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்க யூனிகோடு வகுத்த இயல்பாக்க முறைகளில் என்எஃப்சி என்பது ஒன்று. இரண்டு சொற்களையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் சிக்கல் தீரும். ஆனால் ‘கௌதமன்’ என்பதை ‘கெளதமன்’ என்று ளகரத்தை இட்டு அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அங்கே இருப்பது வேறொரு எழுத்து. இந்த வேறுபாட்டைத் தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு எடுத்துச்சொல்ல உங்களால் முடியும்.

இப்படி ஒரு பிழை கிடைத்தால் உடனே நிரலைத் திறக்காதீர்கள். முதலில் பழைய பிழை அறிக்கைகளில் இது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அறிக்கை எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது ஆகியவற்றைப் படிப்பவர் தம் கணினியில் ஒரு நிமிடத்தில் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். ‘தமிழ் தேடல் வேலை செய்யவில்லை’ என்ற அறிக்கையை யாரும் தொடமாட்டார்கள். ‘இந்த மூன்று குறியீடுகளால் ஆன கொ, இந்த இரண்டு குறியீடுகளால் ஆன கொ, இரண்டும் சமம் இல்லை என்று இந்தச் செயற்கூறு சொல்கிறது’ என்ற அறிக்கை அன்றைக்கே படிக்கப்படும்.

முன்பு சரியாக இருந்த ஒன்று இடையில் கெட்டுப்போயிருந்தால், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளையைக் கற்றுக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த ஒரு கமிட்டையும் கெட்டுப்போன ஒரு கமிட்டையும் சொல்லிவிட்டால், இடையிலுள்ளவற்றை அது பாதி பாதியாகப் பிரித்துக் காட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் குற்றவாளிக் கமிட் அகப்பட்டுவிடும். இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்த இருமத் தேடல்தான் இது. அது உயிரோடு வேலை செய்வதைப் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவில் இருக்கிறது.

திருத்தத்தை அனுப்புவதும் விமர்சனத்தை ஏற்பதும்

திருத்தத்தை எழுதும் முன்பே, பிழையைக் காட்டும் சோதனை ஒன்றை எழுதுங்கள். அது முதலில் தோற்க வேண்டும். உங்கள் திருத்தத்துக்குப் பின் வெல்ல வேண்டும். முதன்மை நிரலைத் தொடாமல் தனிக் கிளையில் வேலை செய்யுங்கள். ஒரு திருத்தத்தில் ஒரே ஒரு காரியம் மட்டும் இருக்கட்டும். கமிட் செய்தியில் எதை மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை விளக்குங்கள். எதை மாற்றினீர்கள் என்பது நிரலைப் பார்த்தாலே தெரியும்.

என் முதல் திருத்தம் ஏற்கப்படவில்லை. மூன்று வரிகளை மட்டுமே மாற்றியிருந்தேன். ஆனால் என் எடிட்டர் கோப்பு முழுவதிலும் வரி இறுதியில் இருந்த வெற்றிடங்களை நீக்கிவிட்டிருந்தது. பார்ப்பவருக்கு நானூறு வரிகள் மாறியதாகத் தெரிந்தது. தேவையான மூன்று வரிகளை மட்டும் அனுப்பும்படி பராமரிப்பாளர் இரண்டே வாக்கியங்களில் எழுதியிருந்தார். அதில் கடுமை எதுவும் இல்லை. ஆனாலும் அவமானப்பட்டதாக எண்ணி இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது அதே மூன்று வரிகளை வேறொருவர் அனுப்பி, அவை சேர்க்கப்பட்டிருந்தன. அன்றிலிருந்து எதையும் அனுப்பும் முன் கிட் டிஃப் கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு வரியையும் இது என் நோக்கத்துக்கு உரியதுதானா என்று கேட்டுப் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விமர்சனம் வந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் பதில் எழுதுங்கள். மேலே சொன்ன ‘கொடி’ திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். சொற்களைச் சேமிக்கும்போதே இயல்பாக்க வேண்டுமா, ஒப்பிடும்போது மட்டும் போதுமா என்று பராமரிப்பாளர் கேட்கக்கூடும். பயனர் கொடுத்த கோப்புப் பெயரை மாற்றிச் சேமித்தால் பிற மென்பொருள்களால் அந்தக் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம் என்பதால் அது நியாயமான கேள்வி. பதில் தெரியாவிட்டால் ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போய்ப் படியுங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் கேட்கக் கூடாது. பராமரிப்பாளர்களில் பலர் சம்பளம் இல்லாமல், பகல் வேலை முடிந்த பிறகு இதைச் செய்கிறவர்கள்.

டி-சட்டைக்காக அனுப்பும் வெற்றுத் திருத்தங்கள் அவர்களை எவ்வளவு வதைக்கும் என்பதை திருத்தம் அனுப்பியவர்களுக்கு டி-சட்டை தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020இல் காட்டியது. குறிப்புக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய திருத்தங்கள் வெள்ளமாக வந்ததால், விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே அதில் சேரும்படி அந்த அக்டோபரிலேயே விதியை மாற்றினார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த நிரலிலும் இதே கவனம் தேவை. ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024இல் அத்தகைய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்றே முடிவெடுத்தது. அனுமதிக்கும் திட்டங்களிலும், வரிக்கு வரி உங்களால் விளக்க முடியாத எதையும் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள்.

பாடத்தோடு இணைப்பது

கட்டற்ற மென்பொருளில் இறங்கியவர்கள் படிப்பைக் கோட்டைவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அரியர் சேர்ந்த மாணவரைப் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே அழைப்பதில்லை. அதனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒன்றை மற்றொன்றுக்கு உரமாக்க வேண்டும். தரவுக் கட்டமைப்பில் ரெட்-பிளாக் மரம் வரும் செமஸ்டரில், லினக்ஸ் கருநிரலில் அந்த மரம் எழுதப்பட்டுள்ள கோப்பைத் திறந்து படியுங்கள். அடுத்து எந்தப் பணிக்கு நேரம் தருவது என்று முடிவு செய்யும் பகுதி 2007 முதல் அந்த மரத்தைப் பயன்படுத்திவருகிறது. தேர்வில் பதினாறு மதிப்பெண்ணுக்கு வரையும் சுழற்சிப் படம் அங்கே, லினக்ஸ் கருநிரலில் இயங்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

தரவுத்தளப் பாடத்தில் பி-மரம் வரும்போது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் நிரலில் அதற்கென உள்ள விளக்கக் கோப்பைப் படியுங்கள். 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம்தான் அந்த மென்பொருளின் வேர். பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது மரம் குலையாமல் இருக்க என்ன செய்கிறார்கள், அதற்கு எந்த ஆய்வுக் கட்டுரையின் முறையை எடுத்துக்கொண்டார்கள், அதில் எதை மாற்றினார்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் அதைவிடத் தெளிவாக இதை நான் படித்ததில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, செமஸ்டர் நாட்களில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும்; தேர்வு மாதத்தில் முற்றிலும் நிறுத்திவிடுங்கள். விடுமுறையில் கூடுதலாகச் செய்ய விரும்பினால், 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தைப் பாருங்கள். முன்பு மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்த அதை 2022இல் 18 வயது நிறைந்த புதியவர்கள் அனைவருக்கும் திறந்தார்கள். ஒரு கட்டற்ற மென்பொருளில் வேலை செய்ய உதவித்தொகையும் வழிகாட்டியும் கிடைக்கும். அதைப் போன்ற அவுட்ரீச்சி திட்டமும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே ஏதேனும் ஒரு பங்களிப்பைச் செய்து காட்ட வேண்டும். இரண்டிலும் இடம் பெறுகிறவர்கள் பெரும்பாலும், அறிவிப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தாம் தேர்ந்தெடுத்த மென்பொருளில் வேலை செய்யத் தொடங்கியவர்கள்தான். விண்ணப்ப நாளன்று முதன்முதலாக எட்டிப்பார்ப்பவருக்கு அது கடினம்.

உங்கள் பின்னணியை எழுதுவது

‘கட்டற்ற மென்பொருளில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்’ என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. எந்தத் திட்டம், என்ன சிக்கல், காரணம் என்ன, நீங்கள் செய்தது என்ன, எந்தப் பதிப்பில் சேர்ந்தது ஆகியவற்றை ஒன்றிரண்டு வாக்கியங்களில் எழுதி, இணைப்பையும் கொடுங்கள். எடுத்துக்காட்டாக: ‘இன்ன மென்பொருளின் தேடலில், ஒரே தமிழ் எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டதால் முடிவுகள் விடுபட்டன, ஒப்பிடும் முன் இயல்பாக்கும்படி மாற்றி, ஆறு சோதனைகளைச் சேர்த்தேன், திருத்தம் ஏற்கப்பட்டு அடுத்த பதிப்பில் வெளிவந்தது.’ இப்படி எழுதப்பட்ட விண்ணப்பம் என் கைக்கு வந்தால் முதலில் அந்த இணைப்பைத் திறப்பேன். நிரலைவிட அதன் கீழ் நடந்த உரையாடலைக் கவனமாகப் படிப்பேன்.

ஏற்கப்படாத திருத்தத்தையும் எழுதலாம். ‘விவாதத்தில் உள்ளது’ என்றோ ‘வேறு தீர்வு தேர்வு செய்யப்பட்டது’ என்றோ உள்ளபடி குறிப்பிட்டால் போதும். எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதும், ரெப்போவை நகலெடுத்து வைத்ததையே பங்களிப்பாகச் சொல்வதும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பின் விண்ணப்பத்தில் உள்ள மற்ற உண்மைகளையும் நம்பத் தோன்றாது. இயந்திரவியல் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்கு வருகிறவர்கள் தம் துறையை மறைக்க வேண்டியதில்லை. ஃப்ரீகேடில் ஒரு வரைபடப் பிழையைத் திருத்தியவருக்கு அந்தப் படிப்பே முதல் வரியில் இருக்க வேண்டிய தகுதி.

நேர்காணலுக்கு முதல் நாள் இரவு, நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வொரு திருத்தத்தையும் திறந்து மறுபடியும் படியுங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள், வேறு எப்படிச் செய்திருக்கலாம், இதனால் வேகம் குறையாதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தயாராக இருக்கட்டும். வேலை கிடைத்ததும், பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் நிரல் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியது என்ற பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், நீங்கள் ஏற்கெனவே பங்களித்துவரும் திட்டங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, ஓய்வு நேரத்தில் அவற்றில் தொடர்ந்து வேலை செய்ய எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். மனிதவளத் துறையினர் பெரும்பாலும் மறுப்பதில்லை. அந்தக் கடிதத்தின் ஒரு படியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள்.